செகண்ட் ஹேண்ட் ஸ்ப்ளெண்டர்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மெக்கானிக்கிடம் போய் "வண்டி நின்னு நின்னு போகுது" என்று சொன்னால், அவர் ஊகித்துத்தான் வேலையைத் தொடங்க முடியும். "பத்து கிலோமீட்டர் ஓடினதும் நிக்குது, டேங்க் மூடியைத் திறந்து மூடினா ஓடுது" என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பழுது எப்போது வருகிறது என்று கவனித்தாலே போதும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, மழையிலா, மேட்டில் ஏறும்போதா, ஆக்சிலேட்டரை விடும்போதா? பழைய வண்டி வாங்கியவர் முதல் இரண்டு வாரம் இதைக் கவனித்து எழுதி வைத்துக்கொண்டால், தேவையில்லாத பாகங்களுக்குக் காசு போகாது.

இந்தக் குறிப்பு கார்ப்பரேட்டர் உள்ள ஸ்ப்ளெண்டர், ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிகளுக்கானது. 97.2 சிசி, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும் சிலிண்டர், ஏர் கூலிங், நான்கு கியர். இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த பேஷன், ஹெச்எஃப் டீலக்ஸ் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு விற்பனையானவற்றில் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. அவற்றுக்கு கார்ப்பரேட்டர் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

பழுது தேடும் முன் செய்ய வேண்டியவை

சாவி கைக்கு வந்த அன்றே ஆர்சி-யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். துரு, பெயின்ட் மறைத்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஃபார்ம் 35 முடிந்து ஆர்சி-யில் ஹைப்பாதிகேஷன் (கடன் கொடுத்தவர் பெயரிலான பதிவு) நீங்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ-வில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பதிவாகி 15 வருடம் நெருங்கும் வண்டியென்றால், ஆர்சி புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது ஆயில். விற்றவர் "போன வாரம்தான் மாத்தினேன்" என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் எஞ்சினின் உள் நிலையைச் சொல்லும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, செண்டர் ஸ்டாண்ட் போட்டு, 17 ஸ்பேனரால் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மின்னும் மெல்லிய சாம்பல் தூள் தெரியலாம். பழைய எஞ்சினில் அது சகஜம். நகத்தால் எடுக்கும் அளவுக்குச் செதிலாக உலோகம் வந்தால் கியரோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்குகள் வந்தால் டைமிங் செயின் ரோலரோ டென்ஷனர் ரப்பரோ கரைகிறது என்று அர்த்தம்.

போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு மூடி, 10டபிள்யூ-30 கிரேடில் ஜாஸோ எம்ஏ குறியுள்ள (பைக் கிளட்ச் வழுக்காத வகை) ஆயிலை ஊற்றுங்கள். 900 மி.லி. பாட்டிலை அப்படியே கவிழ்க்க வேண்டாம். முதலில் 700 மி.லி. ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் உள்ளே இறக்கிப் பாருங்கள். மேல்கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். திருகிவிட்டுப் பார்த்தால் கம்பி கூடுதல் ஆழம் இறங்கும். ஆயில் குறைவாக இருப்பதும் நிறைய இருப்பதாகத் தெரியும். முதல் ஆயிலை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடி மாற்றிவிடுங்கள். பழைய அழுக்கைக் கரைத்து இழுத்து வருவது அந்த ஆயில்தான்.

இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலதுபக்கக் கவருக்குள், கிளட்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு கிண்ணம் அழுக்கை விசிறி ஓரத்தில் ஒதுக்கிவைக்கும். கீழே ஒரு வலையும் உண்டு. வருடக்கணக்கில் யாரும் திறக்காத வண்டியில் அந்தக் கிண்ணத்துக்குள் கறுப்புக் களிம்பு தடித்துப் படிந்திருக்கும். கிளட்ச் வேலைக்காக அந்தக் கவரைத் திறக்கும் நாளில் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல கடைகளில் செய்வதில்லை.

ஏர் ஃபில்டர் இரண்டு வகை. பழைய வண்டிகளில் ஸ்பாஞ்ச் வகை: மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம். ஆயில் ஊறிய பேப்பர் வகையைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

டயரில் தனியாக ஓட்ட முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின்டயரில் 41. டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஓரத்தில் வெடிப்புக் கோடுகள் ஓடினால் அந்த டயரை நம்பாதீர்கள்.

இவ்வளவும் முடித்த பிறகும் வரும் கோளாறுதான் உண்மையான கோளாறு. அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ப்ளக், கார்ப்பரேட்டர், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம். எது பழுது என்பது தெரியாமலே போகும்.

கிக்கர் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

கில் சுவிட்ச் (உங்கள் வண்டியில் இருந்தால்), பெட்ரோல் காக், சோக் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

1. ப்ளக்கைக் கழற்றி, அதன் கேப்பிலேயே மாட்டி, மரையுள்ள பகுதி எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கர் அடியுங்கள். ப்ளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். உலோகத்தில் படாமல் தொங்கவிட்டு அடித்தால் சிடிஐ-யோ (ஸ்பார்க் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின் பெட்டி) காயிலோ கெடலாம். நீலநிறத்தில் 'டப்' என்று பாய்ந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தால் பலவீனம்.

2. ஸ்பார்க் இல்லையா? முதலில் வேறு ப்ளக் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கேப்பைக் கழற்றி ஒயர் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பழைய ஒயரின் நுனி பச்சை பூத்துக் கிடக்கும். அதன்பின் கில் சுவிட்ச், சாவி சுவிட்ச், காயில், பல்சர் காயில் (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சிடிஐ-க்குச் சொல்லும் சிறு காயில்) என்று போகலாம்.

3. ஸ்பார்க் இருந்து ப்ளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தொடர்ந்து ஓட வேண்டும். சொட்டாக வந்தால் காக் அல்லது பைப் அடைப்பு. ரிசர்வில் வருகிறது, ஆன்-இல் வரவில்லை, டேங்கிலோ பெட்ரோல் நிறைய இருக்கிறது என்றால் காக்கின் உயரக் குழாயில் அடைப்பு.

4. ப்ளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. காக்கை மூடி, சோக்கை விட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்துகொண்டு பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலை ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தெளிவான திரவம் பிரிந்து நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கும், மழைக்காலத்தில் வெளியில் நிறுத்தும் வண்டிக்கும் இது அடிக்கடி வரும். டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, மூடியைச் சுற்றிலும் உள்ள தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் பிரிந்து நின்றால் டேங்கில் உள்ள பெட்ரோல் முழுவதையும் வடித்துவிடுவதே நல்லது. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

பழைய ஏசி சிடிஐ வண்டிகளில் கிக்கரில் ஸ்டார்ட் ஆக பேட்டரி தேவையே இல்லை. அவற்றில் ஸ்டார்டிங் கோளாறுக்காகப் பேட்டரி வாங்கினால் வீண் செலவு.

ஓடிக்கொண்டிருந்து நின்றுவிடுகிறது

நின்ற அந்த நிமிடத்தில் செய்வதுதான் பதில் தரும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் வராமல் நின்றுவிடுகிறது. மெல்லிய ஊசியால் துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

மூடி சரியாக இருந்தால் அங்கேயே ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள் (ப்ளக்கும் எஞ்சினும் சுடும், துணி வைத்துப் பிடியுங்கள்). ஸ்பார்க் இல்லாமல் இருந்து, இருபது முப்பது நிமிடம் ஆறியபின் வந்தால் சூட்டில் பழுதாகும் பாகம்: காயில், பல்சர் காயில், சிடிஐ. இவற்றைத் தெரிந்தவரின் ஓடும் வண்டியிலிருந்து மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

ஸ்பார்க்கும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனால் சூட்டில் கிக்கர் லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட் (வால்வை அழுத்தும் பாகத்துக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளி) இறுக்கமாகியிருக்கலாம். குளிர்ந்த நிலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் ஐட்லிங் விழுந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் டேப்பட்டை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் சூட்டில் வால்வு நீளும்; இடைவெளி இல்லாவிட்டால் முழுக்க மூடாமல் அழுத்தம் கசியும். அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, உங்கள் மாடலுக்குரிய அளவில் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். காதால் கேட்டு டேப்பட் வைப்பவர்கள் சத்தம் குறைய வேண்டும் என்று இறுக்கியே விடுவார்கள். கொஞ்சம் 'டிக் டிக்' சத்தம் கேட்கும் டேப்பட் எஞ்சினுக்குப் பாதுகாப்பு.

ஐட்லிங் நிற்கவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது

சோக் போட்டால் மட்டும் ஐட்லிங் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சிறு குழாய்) அடைப்பு, அல்லது எங்கேயோ காற்று கசிகிறது. கார்ப்பரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே உள்ள ஓ-ரிங் போய்விட்டது. அந்த போல்ட்டை இன்னும் முறுக்கினால் ஃபிளாஞ்ச் வளைந்து கசிவு கூடும். ஓ-ரிங்கை மாற்றுங்கள், சில ரூபாய் பொருள்.

ஸ்லோ ஜெட்டின் துளை முடியளவு மெல்லியது. அதில் இரும்புக் கம்பி விட்டுத் தோண்டுவதால் துளை பெரிதாகி, மைலேஜ் நிரந்தரமாக விழுந்த வண்டிகள் நிறைய. கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மாட்டியபின் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி எஞ்சின் வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். சரியான ஐட்லிங் 1,400 ஆர்பிஎம் அளவில் இருக்கும்.

நடு வேகத்தில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் ப்ளக்கைப் பாருங்கள். நல்ல வேகத்தில் ஓட்டி, கிளட்ச் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டிக் கழற்றினால்தான் நிறம் உண்மை பேசும். இளம் பழுப்பு நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்துச் சுட்டது போல் இருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கீழே உள்ள புகைப் பகுதிக்குப் போங்கள்.

கார்ப்பரேட்டர் அடிக்குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை. அப்போது டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு கூடி பெட்ரோல் வாடை அடித்தால், ஊசியை மாற்றியபின் ஆயிலையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

சைலன்சரில் புகை

குளிர் காலையில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவி, சொட்டும் தண்ணீர் இரண்டும் சாதாரணம். கறுப்புப் புகை பெட்ரோல் விஷயம்: சோக் மாட்டிக்கொண்டிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீலம் கலந்த வெள்ளைப் புகைதான் செலவு வைக்கும். இரவு நிறுத்தி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்தாக வந்து மறைந்தால் வால்வு சீல். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மறுபடி முறுக்கும்போது வந்தாலும் அதுவே. ஓட்டும் நேரமெல்லாம், குறிப்பாக ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்). வால்வு சீல் வேலை ஹெட்டோடு முடிந்துவிடும். போர் என்றால் பிளாக் லேத்துக்குப் போய், ஓவர்சைஸ் பிஸ்டன் வரைக்கும் போகும். அதனால் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள்.

ப்ளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு அழுத்தம் பார்ப்பது பழைய முறை. அழுத்தம் கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. இந்த எஞ்சினில் சிலிண்டர் படுத்திருப்பதால் ஆயில் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும். அதனால் பல தடவை கிக்கர் அடித்து ஆயிலைப் பரப்பிய பிறகு சோதியுங்கள். அப்போதும் முடிவு தெளிவாக இல்லாவிட்டால் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு குறைகிறது என்று குறித்து வைத்தால் இன்னும் நம்பகமான விடை கிடைக்கும்.

எஞ்சின் சத்தம்

'டிக் டிக்' என்று ஒரே சீராக, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் டேப்பட். ஐட்லிங்கில் இடதுபக்கம் 'கரகர'வென்று கேட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அடங்கினால் டைமிங் செயின், டென்ஷனர். ஆயில் வடித்த தட்டில் ரப்பர் துணுக்கும் வந்திருந்தால் உறுதி. கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் ஹவுசிங் பக்கம். அடிவயிற்றிலிருந்து 'கொட கொட' என்று கனமாக, பாரம் ஏறும்போது கூடும் சத்தம் கிராங்க், கனெக்டிங் ராட். அதோடு நெடுந்தூரம் போகாதீர்கள்.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

நான்காவது கியரில் மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப். பிளேட் வாங்குமுன் லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தாலே ஸ்லிப் ஆகும். கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்படித்தான், பிளேட் புதிதாக இருந்தாலும் வழுக்கும்.

லைட், ஹார்ன், பேட்டரி

பழைய வண்டிகளில் ஹெட்லைட் மேக்னட்டிலிருந்து (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் பாகம்) நேராக எரியும். ஐட்லிங்கில் மங்கி, முறுக்கினால் பிரகாசமானால் அது பழுதில்லை. ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் பேட்டரியில் ஓடும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பல்ப் அடிக்கடி ஃப்யூஸ் போனால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள். இந்த வண்டிகளில் பச்சை ஒயர்தான் எர்த். ஃபிரேமில் மாட்டும் இடத்தைத் துருபோகத் தேய்த்து இறுக்கினாலே பாதி மின்சாரக் கோளாறு போகும்.

மல்டிமீட்டரில் எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சினை நடு வேகத்தில் வைத்தால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும், 15-ஐத் தாண்டக் கூடாது. ஏறாவிட்டால் புதுப் பேட்டரியும் சில வாரத்தில் இறங்கிவிடும். ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள்: ஃப்யூஸுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால், ஏதோ ஓர் ஒயர் எங்கேயோ உரசி ஷார்ட் ஆகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியிலும் டேங்க் அடியிலும் முதலில் தேடுங்கள்.

செயின் சத்தம், வண்டி ஆடுகிறது

செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் தூக்கிப் பாருங்கள். 25 மி.மீ. அளவு ஆட்டம் போதும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் வேறிடத்தில் தொளதொளப்பும் இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை, ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றுங்கள். இறுக்கும்போது இருபக்க அட்ஜஸ்டரிலும் கோடுகளை எண்ணிச் சமமாக வையுங்கள்.

முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) தளர்வு. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் மட்டும் பல்லில் சிக்குவதுபோல் நின்றால் கோன் செட்டில் பள்ளம் விழுந்துவிட்டது, இறுக்கினால் தீராது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி, சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங், ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ்.

பிரேக் பிடிக்கவில்லை

முன் லிவரில் 10 முதல் 20 மி.மீ., பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு. பிரேக் ஆர்ம் பக்கத்தில் ஓர் அம்பும் டிரம் மூடியில் ஒரு குறியும் இருக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது ஆர்ம் பக்கத்து அம்பு மூடியின் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. நட்டை இறுக்கி ஓட்ட வேண்டாம். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே உள்ள தூசியைக் காற்றடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கேம்மின் தண்டில் மட்டும் துளி கிரீஸ் தடவினால் பிரேக் விட்டதும் ஒட்டாமல் திரும்பும். லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால் உப்புத்தாளில் தேய்த்தாலும் பெட்ரோலில் கழுவினாலும் போகாது. அந்த ஷூவை மாற்றி, ஆயில் எந்த சீலிலிருந்து கசிந்தது என்று பார்த்து அதையும் மாற்றிய பிறகுதான் சக்கரத்தை மாட்ட வேண்டும்.